மூளையின் இருப்புப் பாதைகள்

(ஆரியசாலையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இவ்வவையில் விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே பயின்று, இருப்புப் பாதை அலுவலகத்தில் குமாஸ்தாவாக ஊழியம் புரியும் யாம் விஞ்ஞானம் பேசுவது எங்ஙனம் பொருந்தும் என்று சிலர் எண்ணக்கூடும். எடுத்துக்கொண்ட பொருள் இன்னதென்று கேட்டபின், அது குமாஸ்தாக்களுக்கும் ஓரளவு உரியதே என்பதை ஒப்புவீர்கள். உயிர்களின் மூளைக்குள் நரம்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைப் படமாக வரையும் முயற்சியே அப்பொருள்.

இதனை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் முதியோர் சிலர் நினைவு தவறி, பெற்ற மக்களையே யாரென்று வினவும் நிலையில் உள்ளனர். அவர்களைப் பேணுவோர் படும் துயரை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இந்நிலையில், “மூளையின் படத்தை எழுதி முடித்துவிட்டார்கள், இனி மறதி நோய் இல்லை, மனத்தையே யந்திரத்துக்குள் பெயர்த்து வைத்துவிடலாம்” என்னும் செய்திகள் கைபேசிகளில் நாள்தோறும் உலவுகின்றன. அவற்றை நம்பிப் பொருளை இழப்பவரும் உளர். மற்றொரு புறம், “புழுவின் மூளையையும் ஈயின் மூளையையும் அறுத்துப் பார்ப்பதால் ஆவதென்ன?” என்று இகழ்வோரும் உளர். இவ்விரு சாராரும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்தவர்கள். அந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதே அக்கேள்வி.

இருப்புப் பாதைக்காரர்க்கு இது எளிதில் விளங்கும். நம் பகுதியின் இருப்புப் பாதைப் படத்தை எடுத்துப் பாருங்கள். 1904-இல் செங்கோட்டைக் கணவாய் வழியே கொல்லத்தை எட்டிய பாதை அதில் உண்டு. 1931-இல் எழுந்த தம்பானூர் நிலையம் உண்டு. 1979-இல் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் திறந்த பாதை உண்டு. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகலாம், எங்கே மாறி ஏற வேண்டும் என்பதெல்லாம் அப்படத்தால் தெரியும். ஆனால் இன்று மாலை எந்த வண்டி எந்நேரம் புறப்படும், அதில் எத்தனை பேர் ஏறுவர், திருமணத்துக்குச் செல்பவர் யார், மருத்துவமனைக்குச் செல்பவர் யார் என்பதைப் படம் கூறுமா? கூறாது. எனினும் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கால அட்டவணை எழுத எவராலும் இயலாது. தண்டவாளம் இன்றி வண்டி இல்லை. தண்டவாளமே வண்டியும் அன்று. இவ்வொரு வாக்கியத்தை மனத்தில் கொண்டால் மூளைப் படத்தின் பெருமையும் எல்லையும் ஒருங்கே விளங்கும்.

மூளை என்பது நரம்பணுக்கள் எனப்படும் மிகச் சிறிய உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றிலிருந்தும் இழைகள் கிளைத்து ஓடி மற்ற அணுக்களைத் தொடுகின்றன. 1873-இல் இத்தாலி நாட்டுக் கோல்ஜி என்பார் நரம்பணுக்களிற் சிலவற்றை மட்டும் கருநிறமாக்கிக் காட்டும் சாய முறை ஒன்றைக் கண்டார். அம்முறையைக் கொண்டே ஸ்பெயின் நாட்டுக் காஹால் என்பார் பறவைகள் முதலியவற்றின் மூளையை ஆராய்ந்து தம் கையாலேயே படங்கள் வரைந்தார். நரம்புகள் யாவும் ஒரே வலையாக ஒட்டியுள்ளன என்றார் கோல்ஜி. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி; அவை ஒன்றையொன்று நெருங்கிச் செய்தியைக் கைமாற்றுகின்றன என்றார் காஹால். 1906-இல் நோபெல் பரிசு இருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மேடை ஏறிய பின்னும் அவர்கள் உடன்படவில்லை. பிற்காலத்தில் மின்னணு நுண்ணோக்கி வந்தபோது, அணுவுக்கும் அணுவுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருப்பது கண்ணால் காணப்பட்டது. காஹால் கூற்றே வென்றது. வேதிப்பொருள்கள் அவ்விடைவெளியைக் கடந்து செய்தியை எடுத்துச் செல்கின்றன. சில இடங்களில் மட்டும் நேர் வழியாக மின்னோட்டமே பாய்வதும் உண்டு.

இனி முதற்படம் எழுதப்பட்ட வரலாற்றைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பணியாற்றிய சிட்னி பிரென்னர் என்னும் அறிஞர், 1960-களில் மண்ணில் வாழும் புழு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. கண்ணாடி போன்ற உடல். அதன் உடலில் உள்ள நரம்பணுக்கள் 302 மட்டுமே. மனிதன் மூளையிலோ ஏறக்குறைய 8,600 கோடி. அளவிற் சிறியதொன்றை முற்றும் அறிந்த பின்னரே பெரியதைத் தொட வேண்டும் என்பது அவர் கருத்து.

நிக்கல் தாம்சன் என்பார் அப்புழுவை, புடலங்காயை வட்ட வட்டமாக அரிவது போல, வில்லைகளாக அரிந்தார். ஒவ்வொரு வில்லையின் கனமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 20,000-இல் ஒரு பங்கு. ஒவ்வொன்றும் மின்னணு நுண்ணோக்கியிற் படம் பிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான அப்படங்களில் ஒரு நரம்பிழையை வில்லைக்கு வில்லை பின்தொடர்ந்து எண்ணிட்டு எழுத வேண்டும். பார்சல் அலுவலகத்தில் பணியாற்றியோர்க்கு இவ்வேலை புதிதன்று. காணாமற்போன ஒரு மூட்டையை நிலையம் நிலையமாகப் பதிவேட்டைப் புரட்டித் தேடுகிறோம். நடுவே ஒரு நிலையத்தின் பதிவு விட்டுப்போனால் மூட்டை சென்ற திசையே தெரியாமற் போகிறது. அங்கும் அப்படியே. ஒரு வில்லை கிழிந்தால் இழை அறுபடும். அதற்கு அப்பால் அந்நரம்பு எதுவென்று அறிய முடியாது.

அக்காலத்துக் கணிப்பொறி இவ்வேலைக்குப் போதவில்லை. ஆகவே பேனாவும் வண்ண மையும் கொண்டு மனிதக் கையே அதனைச் செய்தது. அதிற் பெரும்பகுதியைச் செய்தவர் ஐலீன் சவுத்கேட் என்னும் பெண்மணி. அவர் பேராசிரியராக வந்தவர் அல்லர். ஆய்வுக்கூட உதவியாளராக ஊழியத்தில் அமர்ந்தவர். ஜான் ஒயிட் என்பாரும் அவரும் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து இழைகளைத் தொடர்ந்தனர். 1986-இல் 340 பக்கங்களில் அப்படம் வெளியாயிற்று. ஆசிரியர்களாக நால்வர் பெயர் அதில் உண்டு. சவுத்கேட் அம்மையாரின் பெயரும் அவற்றுள் ஒன்று. உலகில் ஓர் உயிரின் நரம்பிணைப்பு ஏறத்தாழ முழுமையாக எழுதப்பட்டது அதுவே முதன்முறை. குமாஸ்தாக்களுக்கும் உரிய பொருள் என்று தொடக்கத்தில் யாம் கூறியதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

சரி, படத்தினால் விளைந்த பயன் என்ன? ஒன்று கூறுவோம். அப்புழுவின் தலைப்பக்கத்தை மெல்லத் தொட்டால் பின்வாங்கும். வாற்பக்கத்தைத் தொட்டால் முன்னே ஓடும். இஃது எவ்வாறு நிகழ்கிறது? மார்ட்டின் சால்ஃபியும் அவர்தம் கூட்டாளிகளும் படத்தைப் பார்த்துத் தொடுதலை உணரும் நரம்பணுக்கள் ஆறு என்றும், அவை எந்தெந்த அணுக்களோடு இணைந்துள்ளன என்றும் கண்டனர். பின்னர் லேசர் ஒளியால் அணுக்களை ஒவ்வொன்றாக அழித்துச் சோதித்தனர். சில அணுக்கள் அழிந்தால் புழுவால் முன்போலப் பின்வாங்க இயலவில்லை. வேறு சில அழிந்தால் முன்னே செல்ல இயலவில்லை. கேபினில் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு எந்தக் கைகாட்டி இறங்கவில்லை என்று பார்ப்பது போன்ற வேலை அது. 1985-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஒரு தொடுதலிலிருந்து ஓர் அசைவு வரை நரம்பு வழியை முழுதும் சுட்டிக்காட்ட முடியும் என்பது இதனால் நிறுவப்பட்டது.

புழுவிலிருந்து ஈக்கு வருவோம். அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சிற்றீயை நம் சமையலறையிற் காணாதவர் இல்லை. அதன் மூளை கசகசா விதையளவே. அதனை ஆராய்ந்தோரில் நம் நாட்டவர்க்குச் சிறப்பிடம் உண்டு. பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கி என்னும் அறிஞர் 1970-களில் மணமும் சுவையும் உணர்வதிற் குறையுடைய ஈக்களைப் பிரித்தெடுத்து, பரம்பரைக் கூறுகளில் எது பழுதுபட்டதால் அக்குறை நேர்ந்தது என ஆராய்ந்தார். அவர் மாணவி வெரோனிகா ரோட்ரிகஸ் அம்மையார், மணம் ஈயின் மூளையில் எவ்விடத்தை எட்டுகிறது என்பதை ஆராய்வதில் முன்னோடியாய் விளங்கினார். பின்னர் பெங்களூரில் எழுந்த தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் இம்மரபு தொடர்கிறது.

அந்த ஈயின் முழு மூளையும் படமாக வெளியான நாள் 2024 அக்டோபர் 2. அமெரிக்காவில் பெண் ஈ ஒன்றின் மூளை ஏறத்தாழ 7,000 வில்லைகளாக அரியப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மாலா மூர்த்தி அம்மையாரும் செபாஸ்டியன் சியுங் அவர்களும் தலைமையேற்க, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் முதலிய பல இடங்களைச் சேர்ந்தோர் கைகோத்தனர். கிடைத்த கணக்கு: நரம்பணுக்கள் 1,39,255, இணைப்புகள் 5 கோடிக்கு மேல், அணு வகைகள் 8,400-க்கு மேல்.

இம்முறை இழைகளைத் தொடர்ந்தது கணிப்பொறி. ஆனால் கணிப்பொறி இரண்டு இழைகளை ஒன்றென ஒட்டிவிடும். ஓர் இழையை இரண்டாக அறுத்துவிடும். அவற்றைத் திருத்த மனிதக் கண்ணே வேண்டியிருந்தது. பல நாடுகளில் நூற்றுக்கணக்கானோர் திரையின் முன் அமர்ந்து திருத்தினர். ஆராய்ச்சியாளர் அல்லாத தன்னார்வலரும் அவர்களுள் இருந்தனர். ஒருவரே செய்வதாயின் அத்திருத்த வேலைக்கு மட்டும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். யந்திரம் வந்துவிட்டது, இனிக் கணக்கைச் சரிபார்ப்பவன் எதற்கு என்போர்க்கு இதுவே விடை.

அடுத்தது சுண்டெலி. ஒரு கன மில்லிமீட்டர் மூளையின் இணைப்புகளை முழுதும் எழுதுதல் ஆகாத காரியம் என்று 1979-இல் பிரான்சிஸ் கிரிக் என்னும் பேரறிஞர் எழுதினார். 2025 ஏப்ரலில் அது நிறைவேறிற்று. சுண்டெலியின் பார்வைப் பகுதியில் கடுகளவினும் சிறிய துணுக்கு அது. அதனுள் அணுக்கள் ஏறத்தாழ 2 லட்சம். இணைப்புகள் 52 கோடிக்கு மேல். இழைகளை நீட்டினால் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். இதிற் குறிப்பிடத்தக்கது வேறொன்று. துணுக்கை அரிவதற்கு முன்னரே, உயிருடன் இருந்த அச்சுண்டெலிக்குத் திரைக்காட்சிகளைக் காட்டி, ஏறத்தாழ 75,000 நரம்பணுக்கள் எப்பொழுதெப்பொழுது கிளர்ச்சியுற்றன என்று பதிவு செய்திருந்தனர். தண்டவாளத்தின் படத்தோடு வண்டிகள் ஓடிய பதிவேட்டையும் சேர்த்து வைத்தனர் என்க.

இனிப் படத்தின் எல்லைக்கு வருவோம். மனத்தையே பெயர்த்துவிடலாம் என்போர் இதனைச் செவிமடுக்க வேண்டும். புழுவின் படம் கையில் வந்து ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகின்றன. 302 அணுக்களே உடைய அப்புழு, அடுத்து என்ன செய்யும் என்பதை அப்படத்தை மட்டும் கொண்டு முழுமையாகக் கூற இன்றளவும் முடியவில்லை. ஏன்?

முதலாவது, பாதைகள் மாறுகின்றன. செங்கோட்டைப் பாதை மீட்டர் பாதையாகப் பிறந்து 2018-இல் அகலப் பாதையாக முற்றுப்பெறவில்லையா? அவ்வாறே 2021-இல் எட்டுப் புழுக்களைப் பிறப்பு முதல் முதிர்ச்சி வரை வெவ்வேறு வயதில் அரிந்து பார்த்தபோது, வளர வளர இணைப்புகள் பல மடங்காகப் பெருகுவது தெரிந்தது. ஒரே பரம்பரைக் கூறு உடையனவாயினும் அவற்றின் இணைப்புகள் யாவும் ஒன்றுபோல் இல்லை என்பதும் தெரிந்தது.

இரண்டாவது, பாதையில்லாமலும் செய்தி போகிறது. 2023-இல் புழுவின் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக ஒளியால் தூண்டி, மற்றவற்றுள் எவை விழித்தெழுகின்றன என்று பிரின்ஸ்டன் அறிஞர்கள் அட்டவணை இட்டனர். படம் கூறியதற்கும் நடந்ததற்கும் பல இடங்களில் வேறுபாடு இருந்தது. இணைப்பே இல்லாத அணுக்களுக்கும் சில வேதிப்பொருள்கள் பரவிச் செய்தியைக் கொண்டுசேர்க்கின்றன. சாலைக் கடைவீதியில் ஒரு கடையில் விலை இறங்கினால், சந்து பொந்தெல்லாம் அச்செய்தி பரவுவதற்குத் தந்திக் கம்பி வேண்டுமா?

புழுவுக்கே இவ்வாறாயின், 8,600 கோடி அணுக்கள் உடைய நம் மனத்தைப் பெயர்த்து வைப்போம் என்று விலை பேசுவோரை என்னென்பது! மறதி நோய்க்கு மருந்து என்று சொல்லி எவரேனும் மூளைப் படத்தைக் காட்டினால், முதலில் தக்க மருத்துவரிடம் சென்று கேளுங்கள் என்பதே யாம் தாய்மார்களுக்குக் கூறுவது.

அப்படியாயின் மனிதர்க்குப் பயன் இல்லையா? உண்டு. நம் நகரிலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்கு 1990-களிலிருந்து மூளையில் அறுவை சிகிச்சை செய்து வருகின்றனர். வலிப்பு எழும் இடத்தைக் கண்டு அதனை மட்டும் நீக்க வேண்டும். பேச்சுக்கும் நினைவுக்கும் உரிய வழிகளைத் தீண்டலாகாது. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்பதை அறிவதில் ஓர் உயிரின் வாழ்வே அடங்கியிருக்கிறது. மூளையின் வழிகளைப் பற்றிய அறிவு எவ்வளவுக்குத் தெளிவடைகிறதோ அவ்வளவுக்கு மருத்துவரின் கை துணிவு பெறும். அவ்வாறு வலிப்பு நோய்க்காக அறுவை செய்துகொண்ட அமெரிக்கப் பெண்மணி ஒருவரின் மூளையிலிருந்து எடுத்த ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கே, 2024-இல் 57,000 அணுக்களும் 15 கோடி இணைப்புகளும் கொண்ட படமாக வெளியாயிற்று.

நம் சென்னையும் இத்துறையிற் பின்தங்கவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. சென்னை ஐ.ஐ.டி.யில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022-இல் தொடங்கப்பெற்றது. அதற்குப் பொருளுதவி செய்தவர்களுள் முதன்மையானவர் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் அவர்கள். அவர் இத்திருவனந்தபுரத்திற் பிறந்து, இங்குள்ள மாடல் பள்ளியிற் பயின்றவர். இன்போசிஸ் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவர். அவருடைய துணைவியார் பெயரையே அம்மையம் தாங்கியுள்ளது. மோகனசங்கர் சிவப்பிரகாசம் அவர்களின் தலைமையில் அம்மையத்தார் 2024 டிசம்பரில் “தரணி” என்னும் மூளைப் படத்தொகுதியை வெளியிட்டனர். கருவில் 14 முதல் 24 வாரம் வரை வளர்ந்த சிசுக்களின் மூளை அது. 5,132 வில்லைகள் படமாக்கப்பட்டு, 500-க்கு மேற்பட்ட பகுதிகள் பெயரிட்டுக் குறிக்கப்பட்டுள்ளன. சென்னையின் மெடிஸ்கேன் நிறுவனமும் சவீதா மருத்துவக் கல்லூரியும் துணை நின்றன.

தரணியைப் பற்றியும் மிகைபடக் கூறலாகாது. புழுவுக்கும் ஈக்கும் எழுதியது போன்ற இணைப்புப் படம் அன்று அது. அணுக்கள் எங்கெங்கே கூடியுள்ளன, எப்பகுதி எப்பொழுது உருவாகிறது என்பதைக் காட்டுவது அது. இருப்புப் பாதை மொழியிற் கூறின், நிலையங்களின் பட்டியல். பாதைகளை இனித்தான் இட வேண்டும். ஆயினும் நிலையம் எங்கே என்று தெரியாமல் பாதை இடுவது எப்படி? உலகில் எவரும் காசு கொடாமல் அதனைக் கணிப்பொறியிற் காணலாம் என்று பொதுவில் வைத்திருக்கின்றனர்.

இங்கே ஒன்றை நினைவூட்டல் கடமை. அச்சிசுக்கள் உலகைக் காணாமலே மறைந்தவை. மடியில் ஏந்த வேண்டிய மகவை இழந்த பெற்றோர் உளர் என்பதை அப்படத்தைக் காணும் எவரும் மறத்தல் ஆகாது. இத்தகைய ஆராய்ச்சி எதுவும் வில்லை அரியும் கருவியோடு தொடங்குவதில்லை. துயரத்தின் நடுவே “ஆகட்டும்” என்று ஒப்பிய ஒரு குடும்பத்தோடு தொடங்குகிறது. நம் நாட்டவர் மூளையின் நோய்களை நம் நாட்டவர் மூளையைக் கொண்டே அறிய வேண்டுமாயின், இறந்தபின் உடலையும் மூளையையும் ஆராய்ச்சிக்கு அளித்தல் பற்றி நம் இல்லங்களிற் பேச வேண்டிய காலம் வந்துள்ளது. யாம் எவரையும் வற்புறுத்தவில்லை. பேசக்கூடாத பொருள் என்று ஒதுக்காதிருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இளைஞர்களே! பெருந்தேர்வில் எண்பது விழுக்காடு எடுக்காதவர்க்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். புழுவின் படத்தை எழுதியதும் ஈயின் படத்தைத் திருத்தியதும் பெரும்பாலும் பொறுமையே. ஒரு வரியையும் விடாமற் பார்க்கும் கண்ணே. அப்பொறுமை குமாஸ்தாவின் வீட்டுப் பிள்ளைக்கு அந்நியமானதா?

நிறைவாகச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்திலுள்ள கணிப்பொறியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தரணியையும் ஈயின் மூளைப் படத்தையும் காலனிப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. செலவு மின்சாரத்துக்கு மட்டுமே. உடன் அமர்ந்து தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமாயின், அலுவலக முறை இல்லாத ஞாயிறுகளில் யாம் வருகிறோம்.